மணல் போன வழி, வீடு போன வழி

மெரினாவில் சாலையை விட்டு இறங்கி அலையைத் தொடுவதற்குள் கால் வலித்துவிடும். அவ்வளவு மணல். அதில் பெரும்பகுதி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடையாது. புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலை ஒட்டியே கடல் இருந்த காலம் உண்டு. கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே இன்று இவ்வளவு நிலம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? அதே காலத்தில் வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையில் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நிலத்தோடு வீடுகளும் போயின. தெற்கே மணல் சேர்ந்ததற்கும் வடக்கே வீடு போனதற்கும் காரணம் ஒன்றுதான். வடசென்னை மக்கள் எங்கே, எதைக் கொண்டு வீடு கட்டிக் குடியிருந்தார்கள் என்ற வரலாற்றை இந்த மணலிலிருந்து தொடங்கினால்தான் அது பிடிபடும் என்பது என் எண்ணம்.

மணல் நடப்பது எப்படி என்று முதலில் பார்த்துவிடலாம். ஏறக்குறைய மார்ச் தொடங்கி அக்டோபர் வரை நம் கரைக்கு அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருகின்றன. கரையேறும் அலை மணலையும் சாய்வாகவே தள்ளிக்கொண்டு ஏறுகிறது. திரும்பும் தண்ணீருக்கு அந்தச் சாய்வு கிடையாது; சரிவில் நேராக இறங்கிவிடும். ஆகவே ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல்துகள் சற்றே வடக்கில் போய் விழுகிறது. அடுத்த அலை அதை இன்னும் கொஞ்சம் வடக்கே கொண்டுபோகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திசை மாறி மணல் தெற்கே திரும்பும். ஆனால் அது சில மாதங்கள்தான். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போயிருக்கும். கரையோரமாக ஓடும் இந்த மணல் ஆற்றை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. இதற்குக் குறுக்கே ஒரு சுவரை வைத்தால்தான் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதே தெரியவரும்.

அந்தச் சுவர்தான் சென்னைத் துறைமுகம்.

துறைமுகத்துக்கு முன்பு இங்கே கப்பல் கரையை அணைய இடமில்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தவை மசூலா படகுகள். இந்தப் படகில் ஓர் ஆணிகூட இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் தூக்கி மணலில் அறையப்பட்டால் பலகை பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். ஐரோப்பியப் பயணிகள் பயந்துகொண்டே ஏறிய இந்தப் படகுகளை ஓட்டியவர்கள்தான் சென்னைப் பட்டினத்தின் வணிகத்தைக் கரைசேர்த்தவர்கள். அவர்கள் குடியேறிப் பெருகிய ஊர் ராயபுரம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய புனித ராயப்பர் ஆலயம் இன்றும் அங்கே இருக்கிறது.

1861-இல் இரும்புத் தூண்களின் மேல் கடலுக்குள் நீளும் பாலம் ஒன்றை அமைத்துப் பார்த்தார்கள். புயல்கள் அதைச் சிதைத்தன. 1875 டிசம்பரில் சென்னைக்கு வந்த வேல்ஸ் இளவரசரைக் கொண்டு துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். வடிவமைத்தவர் வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர். கராச்சித் துறைமுக வேலையில் அனுபவப்பட்டவர். கடலுக்குள் நீளும் இரண்டு கைகள், நடுவில் கிழக்கே பார்த்த வாயில், இதுதான் திட்டம். வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் அந்தக் கைகளை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். அப்புறம் தெற்கிலிருந்து வந்த மணல் வாயிலையே தூர்க்கத் தொடங்கியது. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை அடைத்துவிட்டு வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார். சென்னைத் துறைமுகத்தைக் காப்பாற்றியவர் என்று அவரைச் சொல்வதில் தவறில்லை.

ஆனால் துறைமுகம் பிழைத்த கதையோடு அதற்கு வடக்கே இருந்த கரையின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெற்குச் சுவரில் முட்டி நின்ற மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. சுவருக்கு வடக்கே புதிய மணல் வருவது நின்றது. அலை நிற்கவில்லை. வழக்கம்போல் வடக்கிலிருந்த மணலை எடுத்துக்கொண்டு போயிற்று. எடுத்த இடத்தை நிரப்பத்தான் தெற்கிலிருந்து எதுவும் வரவில்லை. நூறு ஆண்டுகளில் ராயபுரம் பக்கத்தில் கடல் பல நூறு மீட்டர் உள்ளே வந்துவிட்டது. கல்லைக் கொட்டித் தடுத்தார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு அடங்கியதும் அதற்கு அடுத்த வடக்குத் துண்டில் தொடங்கியது. ராயபுரத்தில் ஆரம்பித்த பிரச்சினை தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று மெல்ல எண்ணூர் வரை நகர்ந்த பாதை அதுதான்.

கடல் முன்வரிசை வீடுகளைத் தின்னும்போது குப்பத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? தொடக்கத்தில், எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். மீனவர் குடிசை அப்படி எடுத்துக்கொண்டு போகக் கூடியதாகத்தான் இருந்தது. நான்கு மூலையில் சவுக்குக் கட்டை, நடுவில் முகட்டைத் தாங்க ஒன்றிரண்டு, மேலே மூங்கில் வரிச்சு, அதன் மேல் பனையோலை அல்லது தென்னங்கீற்று. கூரையின் விளிம்பு இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். குனிந்துதான் நுழைய வேண்டும். ஏழ்மையால் மட்டும் வந்த வடிவம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. கடற்காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்காமல் மேலே வழுக்கிப் போவதற்கான வடிவம் இது. கீற்று ஓரிரு ஆண்டில் மட்கும், மாற்றி வேய்வார்கள். சுழற்காற்றில் விழுந்தால் அடுத்த வாரமே நிமிர்த்திவிடலாம். அலை வாசலுக்கு வந்தால் கட்டைகளைப் பிடுங்கி இருபது அடி தள்ளி நட்டால் போதும்.

பின்னால் இடம் இருந்தவரை இது நடந்தது. ரயில்பாதை வந்தது, ஆலைகளின் மதில் வந்தது, கடைசியில் கரையை ஒட்டியே எண்ணூர் விரைவுச் சாலையும் வந்தது. முன்னால் கருங்கல், பின்னால் கன்டெய்னர் லாரி, நடுவில் குப்பம். பின்வாங்க வழியில்லாமல் போனதுதான் இந்தக் கரையின் வீட்டு வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தச் சட்டமும் திட்டமும் இவ்வளவு ஆழமாக இங்கே குடியிருப்பை மாற்றவில்லை.

மீனவர்கள் மட்டும் இருந்த கரை அல்ல இது. திருவொற்றியூருக்குப் பக்கத்திலுள்ள காலடிப்பேட்டை, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும்; துணி நெய்ய ஆள் வேண்டும்; ஆள் வந்து தங்க வீடும் கோயிலும் வேண்டும். வேலைக்காக வீடு கட்டித் தரும் வழக்கம் வடசென்னையில் அவ்வளவு பழையது. அந்த ஊரின் பெயர் இன்று மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் ஆகியிருக்கிறது.

வசதி உள்ளவர்கள் கட்டிக்கொண்ட வீடுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் இன்னும் சில மீதமிருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் தேக்கு அல்லது வேறு மரத்தில் வரிசையாக உத்திரக் கட்டைகள். அவற்றின் மேல் விரல் கனத்துக்குச் சற்றே கூடிய சிறிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையில் நெருக்கி அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டைகளால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். தட்டும்போது கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் தெளிப்பார்கள். மேலே தட்டோடு. இதற்குத்தான் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். உலகக் கட்டடக்கலை நூல்களில் நம் ஊர்ப் பெயரோடு இடம்பிடித்த மச்சு இது. சுவருக்குப் பூசிய சுண்ணாம்புச் சாந்தை வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் மின்னச் செய்தார்கள். அந்த மெட்ராஸ் சுண்ணத்தைப் பார்த்த வெளிநாட்டார் பளிங்கு என்றே நம்பியிருக்கிறார்கள்.

அந்தச் சுண்ணாம்பின் கதை அதிசயமானது. எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிகளில் கிடைக்கும் கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. காளவாயில் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து காற்றில் கலக்கிறது. மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றுச் சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளிழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. அதாவது கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதாகவே திரும்புகிறது. கழியில் கிடந்த சிப்பி, சூளை வழியாகச் சுற்றிவந்து சுவரில் மறுபடி சிப்பியாகிவிடுகிறது. நாளாக ஆக அந்தச் சுவருக்கு வலு கூடும்.

மசூலா படகில் ஆணி இல்லை. கீற்றுக் குடிசையில் கயிறுதான். மெட்ராஸ் டெரஸில் மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும். உப்புக் காற்று வீசும் கரையில் நீண்ட காலம் புழங்கிய இந்த மூன்றிலும் இரும்புக்கு வேலையே இல்லை. வேதியியல் படித்து யாரும் அப்படிச் செய்யவில்லை. கைப்பழக்கம் கண்டுபிடித்த வழி.

இரும்பு இந்தக் கரைக்குப் பெரிய அளவில் வந்தது ரயிலோடும் துறைமுகத்தோடும்தான். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி, வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியது. அந்த நிலையத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ரயிலும் கப்பலும் கூடிய இடத்தில் கூலி வேலை பெருகியது. செங்கல்பட்டு, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரப் பகுதியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். துறைமுக வேலை அன்றாடங்காய்ச்சி வேலை. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. விடியலில் கேட்டுக்கு முன் நிற்பவனுக்குத்தான் அன்றைக்கு மூட்டை. பத்து மைல் தள்ளி நல்ல வீடு கிடைத்தாலும் அவனுக்கு அது உதவாது. அதனால்தான் கல்மண்டபம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று துறைமுகத்துக்கு நடக்கும் தூரத்திலேயே ஒரே அறைக் குடித்தனங்கள் நெருக்கியடித்தன. நடுவில் சந்து, இரு பக்கமும் வரிசையாக அறைகள், ஒரு குழாய், ஒரு கக்கூஸ். லைன் வீடு, ஒண்டுக் குடித்தனம் என்றெல்லாம் ஜனங்கள் சொல்வது இதைத்தான். அதுவும் கிடைக்காதவர்கள் கால்வாய்க் கரையிலும் ரயில்பாதை ஓரத்திலும் குடிசை போட்டார்கள். சேரிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினரே பெரும்பாலும் இருந்தார்கள். மேடான நிலம் மற்றவர்களுக்கு, தாழ்வான நிலம் அவர்களுக்கு என்ற பழைய ஏற்பாடு பட்டணத்திலும் மாறவில்லை.

வேலை முறை ஒழுங்கானது வெகு தாமதமாக. 1948-இல்தான் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தொழிற்சங்கங்கள் போராடி நிரந்தர வேலையைப் பெற்ற பிறகு ஒரு பகுதியினருக்குத் தண்டையார்பேட்டையில் துறைமுகக் குடியிருப்புகள் கிடைத்தன. அதே ஆண்டுகளில் வடக்கே ஆலைகள் எழுந்தன. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை முன்பே இருந்தது. எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாக அங்கேதான் பிறந்தது. 1955-இல் என்ஃபீல்டு வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, பிறகு அனல்மின் நிலையங்கள். 1960களில் பர்மாவை விட்டுத் துரத்தப்பட்ட தமிழர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுடைய குடியிருப்புகள் இன்றும் உண்டு. பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடைகளும் உண்டு.

ஓலைக் குடிசைக்குத் தீ ஒரு தீராத எமன். ஒரு சமையலறைப் பொறியில் நூறு குடிசை சாம்பலாவது சென்னையில் கோடைதோறும் வரும் செய்தியாக இருந்தது. 1970-இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டே அதற்கான சட்டம். குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது என்பதுதான் தொடக்ககால நோக்கம். இந்தியாவிலேயே இது துணிச்சலான முயற்சி. இருநூற்றுச் சொச்சம் சதுர அடிதான் என்றாலும், தீயில் போகாத கூரை, சொந்த வாசல், குழாய். போர்டு வீடு என்ற சொல்லில் அன்றைக்கு ஒரு மரியாதை இருந்தது. 1977-இல் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டம் வேறு வழி சொன்னது: மாடி கட்ட வேண்டாம், மனையும் குழாயும் சாலையும் கொடுத்தால் மக்களே கட்டிக்கொள்வார்கள். 2000-க்குப் பிறகு மூன்றாவது வழி. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடிக்கு ஏற்றி அனுப்பினார்கள். காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் பெண்ணைப் பெரும்பாக்கத்தில் குடிவைத்தால் அவள் கூடையை எங்கே இறக்குவாள்? இந்த மூன்றாவது வழி தவறானது. முதல் வழிதான் சரி. ஆனால் அந்த முதல் வழிக்குள்ளும் கடல் கண்ணில் படாமல் நுழைந்துவிட்டது.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியத்தின் அடுக்குமாடி ஒன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள். 1990களில் கட்டியது. விரிசல் விடுவதைப் பார்த்த மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. முப்பது வயதைத் தொடாத கான்கிரீட் கட்டடம் அது. நூறு ஆண்டைத் தாண்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் அதே உப்புக் காற்றில் நிற்கின்றன. அரிவாக்குளத்தில் என்ன நடந்தது என்பது பொறியாளர்கள் ஆராய வேண்டிய விஷயம். ஆனால் இந்தக் கரையில் கான்கிரீட் எப்படி முதுமையடைகிறது என்பது பொதுவாக நன்கு தெரிந்ததுதான்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி இயல்பாகத் துருப்பிடிப்பதில்லை. சிமென்ட்டின் காரத்தன்மை மிக அதிகம், அதன் பி.எச். அளவு 12-க்கும் மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி அதைக் காக்கிறது. இந்தக் காவலை உடைக்க இரண்டு எதிரிகள். ஒன்று, காற்றின் கரியமில வாயு. அது கான்கிரீட்டுக்குள் மெல்லப் புகுந்து காரத்தைத் தணிக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்கு வலுக் கொடுத்த அதே வாயு, அதே வேதிமாற்றம், இங்கே கம்பியின் காவலைக் கலைக்கிறது. மற்றொன்று, கடற்காற்றில் வரும் உப்பின் குளோரைடு. நுண்துளைகள் வழியாக ஈரத்தோடு இறங்கி, கம்பியை எட்டியதும் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கிறது. பிறகு துரு. துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் வேண்டும். பாட்டில் நிறையக் கொண்டைக்கடலையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் விடிவதற்குள் பாட்டில் விரிசல் விடுமே, அந்த மாதிரி உள்ளிருந்து நெருக்கும்.

வீட்டுக்குள் அது தெரியும் விதம் இப்படி. முதலில் தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் கோட்டிலேயே மங்கிய காவிக்கறை. பிறகு மயிரிழை விரிசல். ஒரு குச்சியால் தட்டினால் கெட்டியான ஒலிக்குப் பதிலாகப் பொள்ளலான ஒலி. பின்னர் ஒரு நாள் தட்டளவு காரை பெயர்ந்து விழும். அரித்து மெலிந்த கம்பி தொங்கும். வாரியக் குடியிருப்புகளில் தொட்டிலை எந்த மூலையில் கட்டக்கூடாது என்பது எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும். மேலே சிமென்ட் பூசி மறைப்பது வழக்கம். உள்ளே துரு இருக்கும்வரை அது மருந்தாகாது. பெயர்ந்து விழப்போகும் எடையைத்தான் அது கூட்டும்.

உப்பு கம்பியை எட்ட எடுக்கும் காலம், கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது, அது எவ்வளவு அடர்த்தி என்பவற்றைப் பொறுத்தது. கம்பிக்கு வெளியே உள்ள இந்தக் கான்கிரீட் கனத்தைப் பொறியாளர்கள் கவர் என்கிறார்கள். 1978-இல் வந்த இந்தியத் தர விதி, தளத்துக்குக் குறைந்தபட்சம் 15 மில்லிமீட்டர் போதும் என்றது. உப்புக் காற்று உள்ள இடத்தில் கூட்டிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டரும், கடல்நீர்த் திவலை படும் இடத்துக்கு 50 மில்லிமீட்டரும் கேட்கிறது. கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. கடல்நீரில் இருப்பதோ ஏறக்குறைய 19,000. மீஞ்சூர் பக்கத்தில் நகரக் குடிநீருக்காக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் மைல்கணக்கில் உள்ளே வந்துவிட்ட நாட்டில், கட்டுமானத்துக்குப் பயன்படும் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் விடுவது பெரும் குற்றம். 15-க்கும் 45-க்கும் உள்ள வித்தியாசம் பெருவிரல் நகத்தின் இரண்டு நீளம் இருக்கும். ஆனால் உப்பு ஊடுருவும் காலம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறுவதால், அந்த வித்தியாசம் ஒரு தலைமுறைக்கும் சில ஆண்டுகளுக்கும் உள்ள வித்தியாசம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக் குடும்பங்கள் பலவற்றைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு மழையில் அங்கே வெள்ளம் புகுந்தது. பிறகு எர்ணாவூர் போன்ற இடங்களில் அடுக்குமாடிகள். சுனாமி குடியிருப்பு என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. மீன்பிடிக் குடும்பத்துக்கு வீடு என்பது படுக்கும் அறை மட்டும் இல்லை. வலை உலர்த்தவும் பழுது பார்க்கவும் திண்ணை வேண்டும். கருவாடு காயப்போட மணல் வேண்டும். படகின் என்ஜினை இரவில் பத்திரமாக வைக்க இடம் வேண்டும். காற்று திரும்புகிறதா என்று வாசலில் நின்று பார்க்க வேண்டும். மூன்றாம் மாடியில் இவற்றில் எதுவும் நடக்காது. அதனால் பலர் குப்பத்திலும் ஒரு கொட்டகை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் வாழ்கிறார்கள்.

தொழிற்சாலைப் பக்கத்துச் சங்கடங்கள் தனி. ராயபுரத்து வீடுகளில் துணி காயப்போட்டால் கரி படிந்த காலம் ஒன்று இருந்தது. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவதை உயர்நீதிமன்ற உத்தரவு 2011-இல் நிறுத்தியது. கரி வடக்கே எண்ணூருக்குப் போயிற்று, சாம்பலும் அங்கேயே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்தது. சுவர்களில் எண்ணெய்க் கோடு படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள்.

லண்டனிலும் துறைமுகப் பேட்டைகள் இருந்தன. கன்டெய்னர் கப்பல்கள் வந்ததும் அங்கே பழைய துறைகள் 1980களின் தொடக்கத்துக்குள் மூடப்பட்டன. கூலிகள் வாழ்ந்த இடத்தில் வங்கிக் கோபுரங்களும் ஆற்றோர மாளிகை வீடுகளும் எழுந்தன. சென்னையிலும் 1983-இல் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் வந்து மூட்டை சுமந்த கைகளுக்கு வேலை குறைந்தது. ஆனால் இங்கே துறைமுகம் மூடவில்லை, வடக்கே வளர்ந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளி. அதே மணல் ஆற்றின் குறுக்கே இன்னும் புதிய சுவர்கள். எண்ணூர்த் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் அடைபடுகிறது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு வரை உள்ள கரையில் அரிப்பு. 1876-க்குப் பிறகு ராயபுரத்தில் நடந்ததை அறியாமை என்று மன்னிக்கலாம். இன்று நடப்பதற்கு அந்த மன்னிப்புக் கிடையாது.

செய்ய வழி இருக்கிறது. இதே கிழக்குக் கரையில் விசாகப்பட்டினம் துறைமுகம், தன் சுவரில் சிக்கும் மணலைத் தோண்டியெடுத்து வடக்கேயுள்ள ராமகிருஷ்ணா கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்றின் முகத்தில் 2001 முதல் குழாய் வழியாக மணலை மறுபக்கம் அனுப்புகிறார்கள். சென்னையிலும் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இந்தச் செலவை ஆண்டுதோறும் தங்கள் கணக்கில் ஏற்ற வேண்டும். கல் கொட்டும் செலவை அரசு ஏற்பதும் வீடு இழக்கும் செலவைக் குப்பம் ஏற்பதும் முடிய வேண்டும். பழைய வாரியக் கட்டடங்களை இடித்துக் கட்டும் இந்த ஆண்டுகளில், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் உரிமையை அங்கே குடியேறப்போகும் குடும்பங்களுக்கு எழுத்தில் கொடுங்கள். அளக்க ஓர் அடிக்கோல் போதும்.